மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை

செவ்வாய், கிள்ளான். என் கணவர் போய் நான்காம் நாள்.

இன்று மாப்பிள்ளையை அவமானப்படுத்திவிட்டேன். மனசு கேட்கவில்லை.

அவர் இஸ்ரேல்காரர். அந்தப் பாஸ்போர்ட்டோடு மலேசியாவுக்குள் வர முடியாது. அதனால் மகள் கவிதா மட்டும்தான் மெல்பர்னிலிருந்து காரியத்துக்கு வந்திருக்கிறாள். மதியம் அவர் வீடியோவில் வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்று என் புடவை நிறம் நன்றாயில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மனிதர். மாமனார் சாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லையா? ஆத்திரத்தில் போனை கட் பண்ணிவிட்டேன்.

கவிதா பதறிப்போனாள். "என்னம்மா நீங்க! அவங்க யூத ஆளுங்க சாவு வீட்டுக்குப் போனா, பறிகொடுத்தவங்க வாய் திறக்கிற வரைக்கும் பேச மாட்டாங்கம்மா. நீங்க பேசுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தாரு."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நானே கூப்பிட்டேன். அதே முகம், அதே மௌனம். என் கணவர் தினமும் போனில் அவரிடம் கேட்கும் கேள்விதான் வாயில் வந்தது.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல," என்றார்.

நம் ஆட்கள் யாராக இருந்தாலும், சாப்பிடாவிட்டாலும் "ஆச்சு ஆன்டி" என்றிருப்பார்கள். நான்கு நாளாகக் கேட்டவர்களிடமெல்லாம் நானும் "ஆச்சுலா, ஆச்சுலா" என்றுதான் சொல்லி வருகிறேன். அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"எனக்கும் இறங்கலப்பா," என்றேன்.