கொம்பு மோதும் சத்தம்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலையில் மழை. அகத்தித் தழை தாமதமாக வந்தது. தழை சுமந்து வரும் மூக்காயி, மலையிலிருந்து இறங்கும்போதே நனைந்துவிட்டிருந்தாள். ஆண் மான்களைப் பார்வையிட்டேன். ஜூனில் செய்த அறுவையின் காயங்கள் ஆறிவிட்டன. சீழ் எதிலும் இல்லை.

செய்ததன் காரணத்தை எனக்காகத் தெளிவாக எழுதி வைக்கிறேன். இந்தப் புள்ளிமான் பூங்கா, உரிமையாளர் விஜயராகவனின் பாட்டனார் துப்பாக்கியோடு திரிந்த வேட்டை நிலம். சட்டம் வந்து வேட்டை நின்றபின் விஜயராகவனின் தந்தை உரிமம் பெற்று வேலியிட்டார். எங்கே மான் கேட்டாலும் ‘கொம்பு வெச்சதா அனுப்புங்க’ என்றே கேட்டார். அதனால் மூன்று பிணைக்கு, அதாவது பெண் மானுக்கு, ஓர் ஆண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிணைக்கு இரண்டு ஆண் நிற்கின்றன. இனி இங்கே புதிய பிறப்பு கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. காயடித்தால் கொம்பு கெட்டுப்போகும் என்று விஜயராகவன் மறுத்துவிட்டார். எனவே, விந்துக்குழாயை மட்டும் துண்டிக்கும் முறையை மேலாளராகிய நான் முன்மொழிந்தேன். கொம்பு நிற்கும், குட்டி பிறக்காது. கால்நடை மருத்துவர் ரம்யா, “ஒரே ஒரு ஆண மட்டும் விட்டுடலாமே சார்” என்றார். விதி என்றால் எல்லாவற்றுக்கும் விதி என்றேன்.

மாலையில் கொம்பு மோதும் சத்தம் மட்டும் இன்னும் குறையவில்லை. குறையும்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

குறையவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே ஓர் ஆண் மான் விலாவில் குத்துப்பட்டு இறந்து கிடந்தது. வன அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, பிரேதப் பரிசோதனைக்குப்பின், முறைப்படி கொம்போடு எரித்தோம். புகை அடங்கும்வரை நின்றேன். பின்னால் வேலிக்குள் மற்றவை மோதிக்கொண்டிருந்தன.

28 ஆகஸ்ட்

இன்னொன்று. கண் போய்விட்டது.

19 செப்டம்பர், வியாழன்

ரம்யா வந்தார். வேலியோரம் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “பெட்ட சினையாயிட்டா அடங்கிடும் சார், ஆணும் விட்டுடும். இங்க எதுக்கும் சினை நிக்கல. மூணு வாரத்துக்கு ஒருதடவ ஏதாவது ஒண்ணு மறுபடி பருவத்துக்கு வந்துக்கினே இருக்குது. அந்த வாசனை நின்னாதான சண்ட நிக்கும்?”

விலங்கியல் படித்தவன் நான். முதுகலை. இது எனக்குத் தெரியாத பாடமா? தெரிந்த பாடம். நிபந்தனைக் கடிதத்தைப் படித்த கவனத்தோடு மானைப் படிக்கவில்லை. ஓர் ஆணையாவது விட்டிருந்தால் பிணைகள் சினையுற்று ஓய்ந்திருக்கும். பிறக்கும் குட்டிகளுக்காக நான் விளக்கம் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு விளக்கத்துக்கு அஞ்சி, முடிவில்லாத காமப்பருவம் ஒன்றை வேலிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன்.

செல்லி மெலிந்துவிட்டது. கை நீட்டினால் வரும் பிணை அது. மூக்காயிதான் அந்தப் பெயரை வைத்தாள். இன்று தழையைக் கடித்தது, மென்று முடிப்பதற்குள் மூன்று ஆண்கள் துரத்தின.

“ஏன் சார், ஒரு கல்யாணத்துக்கு இத்தினி மாப்ளயா?” என்றாள் மூக்காயி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

3 அக்டோபர், வியாழன்

பங்களாவில் விஜயராகவனைச் சந்தித்தேன். சுவர் முழுக்கப் பாட்டனார் காலத்துக் கொம்புகள். ஆண்களைக் காயடிப்பது ஒன்றே வழி என்றும், உரிமதாரர் என்ற முறையில் அவர் கையெழுத்திட வேண்டும் என்றும் விளக்கினேன்.

“காயடிச்சா கொம்பு உதுந்துடும்றீங்க. அப்புறம் மொளைக்கறதும் தோலோடயே நிக்கும்றீங்க. தோல் போத்துன குச்சியப் பாக்கவா சார் சங்கராபுரத்துலேருந்து பஸ் புடிச்சி வருவாங்க?”

“இல்லையென்றால் மான்களே இருக்காது, சார்.”

“தாத்தா இருந்திருந்தா ரெண்டு தோட்டால கணக்கு நேராயிருக்கும்” என்று சிரித்தார். காபி வந்தது. குடித்தேன். ஏன் குடித்தேன்?

மற்ற பூங்காக்களையும் கேட்டாகிவிட்டது. ஆண் மான் என்றதுமே கைவிரிக்கிறார்கள். எல்லோரிடமும் மிகை.

22 அக்டோபர், செவ்வாய்

நடுவில் கம்பிவலை கட்டி ஆண்களைப் பிரித்துப் பார்த்தேன். வாசனைக்கு வலை ஏது? வலையையே குத்தின. இன்று, துரத்தப்பட்ட இளம் பிணை ஒன்று முழு வேகத்தில் அந்த வலையில் மோதிக் கழுத்து முறிந்தது. நான் கட்டிய வலை. நானே இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்ட வலை.

வீட்டில் மனைவி செவ்வந்தி சோறு போட்டாள். “இன்னாங்க இது, சோத்துல கைய வெச்சிக்கினு எங்க பாக்கறீங்க? பேசாம ஒரு மானுக்கு வாக்கப்பட்டிருக்கலாம் நீங்க” என்றாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என்னாத்தப் படிச்சன் நான். என்னாத்துக்குப் படிச்சன்.

2 டிசம்பர், திங்கள்

புயல் மழை. ஊரெல்லாம் வெள்ளம். சேற்றில் வழுக்கி விழுந்தும் எழுந்து மோதுகின்றன. செல்லி எங்கும் படுப்பதில்லை. மான் பகலில் படுத்து அசைபோட வேண்டும், அதற்குத்தான் அந்த வயிறு. இது நின்றுகொண்டே கண்ணைச் செருகுகிறது, காலடிச் சத்தம் கேட்டதும் ஓடுகிறது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று ரம்யாவைக் கேட்டேன். அவர் மருந்துப் பெட்டியை மூடினார்.

6 ஜனவரி 2025, திங்கள்

விஜயராகவன் ஒரு யோசனை சொன்னார். சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் எழுதுகிறேன்.

“காணும் பொங்கலன்னிக்கு அடிவாரத்து ஆளுங்க நாயோட முயலுக்குக் கெளம்புவாங்க. அன்னிக்குப் பின் கேட்டு தொறந்து கெடந்துச்சுன்னு வெச்சிக்கோங்க. மான் ஓடிப்போச்சு. யாரு இன்னா கேக்கப் போறா? மிச்சம் நிக்கறது பாதியாச்சும் அழகா நிக்கும்.”

ஓடாது. அதுதான் அவருக்குத் தெரியவில்லை. இவை கையிலிருந்து தழை வாங்கித் தின்று வளர்ந்தவை. மனிதனைக் கண்டால் அருகே வரும். செல்லி, எவன் கை நீட்டினாலும் வரும். நாய்க்கு முன்னாலும் வந்து நிற்கும்.

“சாவி என்னிடம் இருக்கிறது” என்றேன்.

“பூங்கா என்கிட்ட இருக்குது சார்” என்றார்.

8 ஜனவரி, புதன்

கள்ளக்குறிச்சி பஸ். நிற்க இடமில்லை, நின்றே போனேன். முப்பது வயதுகூட நிரம்பாத வன அலுவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: சாவுகள், காரணம், முன்மொழிந்தவன் யார் என்பது, பின் கதவு குறித்த பேச்சு. நிபந்தனைக்கு உட்பட்டே காயடிக்கலாம் என்பதற்கான விதியையும் எடுத்துக்காட்டினேன்.

அவர் எழுந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “சார், இத நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்களா? தப்பு உங்க பேர்லதான் வந்து நிக்கும். வேலையும் போவும்.”

“ஆணை எப்போது வரும்?”

“பண்டிகை முடியட்டும் சார்.”

பண்டிகைக்குள்தான் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

16 ஜனவரி, வியாழன், காணும் பொங்கல்

விடிந்ததிலிருந்து பின் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சாவி இடுப்பில். மலைப்பக்கம் நாய்கள் குரைப்பதும் பையன்கள் கூவுவதும் கேட்டபடி இருந்தன. ஒவ்வொரு கூவலுக்கும் செல்லி காதை நிமிர்த்திக்கொண்டு கதவை நோக்கி வந்தது. அது தழைக்கான அழைப்பு என்று நினைத்திருக்கும்.

பத்து மணிவாக்கில் விஜயராகவனின் கார் வந்தது. கண்ணாடியை இறக்கினார். நான் எழவில்லை. அவரைப் பார்த்து நான் எழாமல் இருந்தது இதுவே முதல் முறை. கண்ணாடி ஏறியது, கார் திரும்பிப் போனது.

மூக்காயி புதுப்புடவையோடு வந்தாள். “இன்னா சார், நல்ல நாளும் அதுவுமா கேட்டுக்குக் காவலு? வூட்ல அம்மா தொரத்தி வுட்டுட்டாங்களா?”

“ஆமாம்” என்றேன். தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சாமைச் சோற்றில் பாதியைப் போட்டுக் கொடுத்தாள். காரம். கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தினால்தான்.

28 ஜனவரி, செவ்வாய்

போன வாரம் ஆணை வந்தது: காயடிக்க வேண்டும், இல்லையேல் உரிமம் ரத்து. விஜயராகவன் கையெழுத்திட்டார். பேனாவை மூடியபடி, “மார்ச் பாதியோட நீங்க கெளம்பிக்கலாம் சார்” என்றார்.

ரம்யாவும் அவருடைய குழுவும் நான்கு நாட்களாக வேலை செய்கிறார்கள். மயக்கத்தில் கிடந்த ஆண் மான்களின் கண்களை நானே துணியால் கட்டினேன். இம்முறை எதையாவது விட்டு வைக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. விட்டு வைப்பதற்கு முழுமையான ஆண் ஒன்றுகூட இல்லை. அதை நான் ஜூன் மாதத்திலேயே முடித்துவிட்டேன்.

இந்த வேலிக்குள் இனி குட்டி பிறக்காது. இருப்பவை மூப்படையும், ஒவ்வொன்றாகக் குறையும். உரிமத்தின் நிபந்தனை முழுமையாக நிறைவேறிவிட்டது.

20 பிப்ரவரி

கொம்புகள் உதிர்கின்றன. பொறுக்கி முத்திரையிட்டு வன அலுவலகத்தில் ஒப்படைத்தேன். சத்தம் குறைகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

14 மார்ச், வெள்ளி

கடைசி நாள். சாவிக்கொத்தை அலுவலக மேசையில் வைத்துவிட்டுத் தழைக்கட்டோடு உள்ளே போனேன். விதிப்படி, பணி முடிந்தவன் வேலிக்குள் போகக்கூடாது. போனேன்.

தியாகதுருகத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. “ஏம்பா, கொம்பு எங்க காணோம்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “மொளைக்குது பாரு, வெல்வெட்டு மாதிரி” என்றார் அவள் அப்பா. அது அப்படியேதான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. விஜயராகவன் சொன்னது சரிதான், அழகாக இல்லை. அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போனபின் எதையோ காணவில்லை என்று தோன்றியது. சற்று நேரம் கழித்தே புரிந்தது. சத்தம். மூங்கில் புதரில் காற்று ஓடுவது கேட்டது.

தழையை உதறி, வழக்கம்போல் கையை நீட்டினேன். செல்லி வரவில்லை. பயந்து தேடினேன்.

“கூப்டாதீங்க சார்” என்றாள் மூக்காயி, மெல்ல.

புளியமரத்து நிழலில், நட்ட நடுப்பகலில், இரண்டு ஆண் மான்களுக்கு நடுவே அது கால் மடித்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

தழையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.