கல் சுவரும் அலையும்

பிளேன் மாக்னியன், மொரீஷியஸ்
17.2.1987

அன்புள்ள கமலாட்சிக்கு,

நான் நலம். நீயும் குழந்தை ரமாமணியும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் இங்கே வருவதற்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் இதை முழுக்கப் படித்த பிறகு மூட்டை கட்டு.

கடலோரம் கல் சுவர் கட்டி மீன் வளர்க்கும் எங்கள் பண்ணையில், மீன் தப்பாதிருக்கச் சுவரை இரண்டடி உயர்த்தச் சொன்னேன் என்று போன மாதம் பெருமையடித்திருந்தேனே, அதுதான் வினையாயிற்று. அலை உள்ளே வருவது நின்றுபோனது. பத்து நாளாகக் காற்றும் இல்லை. ஓட்டல்களுக்குப் போக வேண்டிய மீனெல்லாம் ஞாயிறு மதியம் மேலே வந்து வாயைப் பிளந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் வலைக்காரர் லுசியன் இருக்கிறாரே, பூர்வீகம் புதுச்சேரியாம். தமிழில் மாமா என்ற ஒரு சொல்தான் மிச்சம். அவர் துணியோடு இறங்கி என்னையும் இழுத்தார். மார்பில் வெந்நீர், முழங்காலில் சில்லென்றிருந்தது. நானோ தினமும் தெர்மாமீட்டரை அடியில் தொங்கவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிவந்திருக்கிறேன். லாவாக் பா பே ராந்த்ரே, மாமா என்று கத்தினார். அலை உள்ளே வரவில்லை என்கிறார்.

நீ காப்பி ஆற்றுவாயே, உடையும் அலை அந்த வேலையைத்தான் செய்கிறது. மேல் சூட்டைப் புரட்டிக் கீழே அனுப்புகிறது, காற்றையும் கலந்துவிடுகிறது. அது இல்லாமல் மேலே கொதிப்பு, கீழே மூச்சுத்திணறல். மீன் எங்கே போகும்?

இருவரும் சுவரின் மேல் கற்களைப் பெயர்த்து, அந்த இடத்தில் வலை கட்டினோம். கடல் ஏறியதும் அலை உள்ளே வந்து உடைந்தது. சாயங்காலத்துக்குள் மீன் கீழே இறங்கிவிட்டது. லுசியனின் விரல்களில் ரத்தம். நான் அழுதுவிட்டேன், கமலா.

நேற்று முதலாளி ழோர்ழ் வந்து, என் மீன்வளப் படிப்புதான் பண்ணையைக் காப்பாற்றியது என்று கைகுலுக்கினார். பக்கத்தில் நின்ற லுசியன் சிரித்தார். நாளை என் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதற்கு முன்பு, சுவரை உயர்த்தி மீனைத் திணறடித்தது யார், திறக்க வைத்தது யார் என்று சொல்லிவிடப் போகிறேன். என்னை ஊருக்கு அனுப்பினாலும் அனுப்பலாம். என் தந்தி வரும்வரை, புறப்படும் அவசரத்தில் நம் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே. கோபித்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை கோயிலில் முதல் அர்ச்சனை லுசியன் பெயருக்குச் செய். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், பரவாயில்லை. குருக்கள் நட்சத்திரம் கேட்டால் என்னுடையதையே சொல்.

உன் பிரியமுள்ள,
சுவாமிநாதன்