கருந்துளையில் விழ என் பேர்

மாசி 9, புதன்

காலைல பனி. வெயில் ஏறினதும் புளி உடைக்க உக்காந்தேன். விரல் பிசுபிசு, பேனா ஒட்டுது.

பேத்தி கோகிலா பெங்களூர்ல இருந்து வந்துட்டா. இனிமே கோ.ன்னு எழுதறேன், கை வலி. சனிக்கிழமை காவலூர் பள்ளிக்கூடத்துல கருந்துளை பத்திப் பேசப்போறா. அதுலதான் டாக்டர் படிப்பு. ஊசி போடற டாக்டர் இல்ல. சந்தைக்குப் போற ஜீப்புல கூட வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்லியாச்சு.

பேச்ச படிச்சுக் காட்டினா. ஒரு ஆள் உள்ள விழறதா வச்சுத்தான் கணக்கு போடுவாங்களாம். வெள்ளக்காரப் பேரா வைப்பாங்களாம். இவ என் பேர வச்சிருக்கா. "குப்பம்மா விழறாங்க."

மருமக வசந்தா கரண்டிய அப்படியே போட்டா. "இன்னாடி இது! உசுரோட இருக்கிறவங்கள குழில தள்ற? பேர எடு."

"சரிம்மா." கோ. மொகம் சுண்டிப்போச்சு.

வாங்கணும்: கல்லுப்பு, முட்டித் தைலம்.

மாசி 10, வியாழன்

ஆடு கீரைப் பாத்தில. வெரட்டி வெரட்டி மூச்சு வாங்குது.

கோ. திரும்பப் படிச்சா. "ஒரு பார்வையாளர் விழுகிறார்." யாரு அவரு, எந்த வூடு? விழுந்தா விழட்டும்னு இருக்கு. அவளுக்கே சுரத்து இல்ல.

நான் விழுந்தா இன்னா ஆவும்னு கேட்டேன். சொன்னத மறக்காம இருக்க எழுதறேன்.

அந்தத் துளையச் சுத்தி ரெண்டு வரப்பு. வெளி வரப்பத் தாண்டினா திரும்ப முடியாது. தாண்டினதே எனக்குத் தெரியாது. வெளில நிக்கிற வசந்தாவுக்கு மட்டும் நான் மெதுவாகி, செவந்து, மங்கி, வரப்புலயே நிக்கிறாப்பல இருக்கும்.

ரெண்டு வரப்புக்கும் எடையில நிக்க முடியாது. நாளைக்கு வேணாம்னா விடியாம இருக்குமா? அது மாதிரி உள்ள போய்ட்டே இருக்கணும்.

உள் வரப்புல, வெளில இனிமே நடக்கப்போறது பூரா ஒரே கண் சிமிட்டுல தெரியும். கோ. புள்ள, புள்ளையோட புள்ள, எல்லாம்.

அதுக்கும் உள்ள? சாதா துளைன்னா நடுவுல மோதி நசுங்கணும். கோ. படிக்கிற இந்தத் துளைல மின்னூட்டம் இருக்கு. "அதனால நடு உன்ன வெளிய தள்ளும் ஆயா. மோதாம தப்பிக்கலாம்."

தள்ளுமா! அப்போ நான்தான் விழணும்.

வசந்தாகிட்ட போனேன். "எனக்கு முன்ன பொறந்த மூணும் தங்கல. என்னக் குப்பமேட்டுல போட்டு எடுத்து இந்தப் பேர் வச்சாங்க, எமனே வேணாம்னு போகட்டும்னு. பள்ளிக்கூடத்துல எத்தன பேர் சிரிச்சாங்க. இப்போதான் அதுக்கு ஒரு வேல வந்திருக்கு. உன் பேர வேணா வைக்கலாமா?"

"ஐயய்யோ, நீங்களே விழுங்க அத்த. நான் கேக்க வரமாட்டேன்."

மாசி 12, சனி

நேத்து எழுதல. புளி.

ஊதாச் சேல. முட்டிக்குத் தைலம். மொத வரிசை நாற்காலி! வரமாட்டேன்னு சொன்ன வசந்தா, ஜீப்புல எனக்கு முன்ன ஏறி உக்காந்திருந்தா.

கோ. தமிழ்லயே பேசினா. "குப்பம்மா விழறாங்க"ன்னதும் எல்லாரும் என்னப் பாத்தாங்க. நிமிந்து உக்காந்தேன்.

கடைசில டீக்கடைக்காரர் எழுந்தார். "எல்லாம் சரிம்மா. ஆயா பொழைப்பாங்களா மாட்டாங்களா?"

வசந்தா என் கையப் புடிச்சுக்கிட்டா.

கோ. சொன்னா, "கணக்குல வழி இருக்குங்க. ஆனா உள் வரப்புல குவியிற வெளிச்சமே ஆயாவ எரிச்சிடும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. எனக்கு இன்னும் தெரியாது. அதத்தான் தேடிட்டு இருக்கேன்."

தெரியாதுன்னு இத்தன பேர் முன்னாடி தல குனியாம சொன்னா. பள்ளிக்கூடத்துல அதச் சொல்லி நான் பெரம்படி வாங்கினவ. மொதல்ல கை தட்டினது வசந்தா. அப்புறம்தான் நான், கண்ணத் தொடைக்க நேரமாச்சு.

மாசி 13, ஞாயிறு

கோ. மொத பஸ்சுல போய்ட்டா. புளி ரெண்டு உருண்ட குடுத்தேன்.

கொழாயடில கூட்டம். பக்கத்து வூட்டு சரோஜா சிரிச்சுக்கிட்டே, "இன்னா குப்பம்மா, வெளிய வந்துட்டியா?"

"இன்னும் இல்லடி. பேத்தி கணக்கு போட்டுக்கிட்டு இருக்கா. கொடத்த நவுத்து."