மன்னிப்பு மேட்டுக்கு முந்தைய ஊர்கள்

ஆகஸ்ட் 5, ராடோம்

பை கட்டியாயிற்று. இரண்டு சட்டை, மழைக்கோட்டு, பிரஷர் மாத்திரை, பழைய ஊர்களைப் பற்றிய கையேடு ஒன்று. கையேட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி பையின் வெளிப்பக்கம் செருகியிருக்கிறேன். அதற்குத்தானே வாங்கினேன்.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு கிரேலா அம்மாள் பிடித்துக்கொண்டாள். "எங்க கிளம்பிட்டீங்க லெஷெக் சார்?"

"ஊர் சுற்றிப் பார்க்க. நோவே மியாஸ்தோ, ஸ்துஜியன்னா, அந்தப் பக்கம்."

"ஆகஸ்ட்லயா? அந்த ரோடு பூரா செஸ்தொஹோவா மாதாகிட்ட நடந்து போறவங்க கூட்டமா இருக்குமே! ஐஸ்கிரீம்கூட வாங்க முடியாது."

"அப்படியா?" என்றேன். முப்பத்தொரு வருடம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்ள வரும்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். ஜூனில் மாமன் மகள் ப்ரோனியா போன் செய்தாள். "உங்கண்ணன் ஏழு வருஷமா வார்சாவிலிருந்து செஸ்தொஹோவாவுக்கு நடக்கிறான், தெரியுமா உனக்கு? முதுகுல ஒலிபெருக்கியைக் கட்டிக்கிட்டு. முட்டி போச்சு, இதுதான் கடைசித் தடவைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் செத்தப்புறம் பேசிக்கிறதா உத்தேசமா?"

ஸெனோனோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. தப்பு என்னுடையது. அது என்ன தப்பு என்று ப்ரோனியாவுக்குக்கூடத் தெரியாது.

நடக்கிறவர்கள் கடைசி நாளில் மன்னிப்பு மேட்டில் ஏறுவார்கள். மாதா கோயில் கோபுரம் முதன்முதலில் கண்ணில் படும் இடம். அங்கே எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மேலே நடக்க வேண்டும். அங்கேயே கேட்டுவிடலாம். அதற்கு முன்னால் முடிந்தாலும் சரி.

ஆகஸ்ட் 7, நோவே மியாஸ்தோ

பஸ்ஸில் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டேன். ஊர்ச் சதுக்கத்தைப் பார்த்தேன், கோயிலைப் பார்த்தேன், ஆற்றுப் பாலத்தைப் பார்த்தேன். கையேட்டில் ஒன்றரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

பதினொரு மணிக்குப் பாட்டுச் சத்தம் கேட்டது. ஊர்ப் பெண்கள் வாசலில் மேசை போட்டு ஊறுகாய் வெள்ளரி, கேக், பழச்சாறு என்று அடுக்கினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

தாளுக்கு மேலாகப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. முதுகில் அந்தப் பெரிய ஒலிபெருக்கி, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடை. பின்னால் வந்த ஒரு பெண் மைக்கிலேயே சொன்னாள்: "சகோதரர் ஸெனோன், மெதுவாப் போங்க, மாதா எங்கேயும் ஓடிப் போகல!" கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான்.

யார் யாரோ அவனைச் சகோதரர் என்கிறார்கள். கூடப் பிறந்தவன் செய்தித்தாளுக்குப் பின்னால்.

ஆகஸ்ட் 8, ஸ்துஜியன்னா

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் படம் அது. மாதா, கணவர், குழந்தை என்று திருக்குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறது. அவ்வளவுதான் படம். தட்டும் மேசையும் எந்த வீட்டிலும் இருக்கிற மாதிரிதான். இரண்டு நிமிடம்கூட என்னால் நிற்க முடியவில்லை. காவலாள், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

சரி, எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம். மேசையில் எல்லா வீட்டிலும் போல ஒரு தட்டு கூடுதலாக வைத்திருந்தோம். எதிர்பாராமல் யார் வந்தாலும் அவர்களுக்கு. அம்மா படுக்கையில் இருந்தாள். ஆனால் அந்தத் தட்டை மட்டும், "இப்படிக் கொண்டா" என்று வாங்கித் தன் கையாலேயே துடைத்துக் கொடுத்தாள். முதல் நட்சத்திரம் வந்தால்தான் சாப்பிட உட்காருவோம்; அது வந்தபின் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஸெனோன். இரண்டு வருடமாகக் காணாமல் போன ஆள், குடிகாரன். கண் சிவந்திருந்தது, மேலெல்லாம் ஸ்பிரிட் வாடை. கதவைச் சாத்திவிட்டேன்.

அம்மா உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்றாள்.

"கேரல் பாட்டுக்காரங்க" என்றேன்.

பிப்ரவரியில் அம்மா போய்விட்டாள். அதற்கும் பிறகுதான் ப்ரோனியா சொன்னாள்: அன்றைக்கு அவனுக்கு ஜுரம், நெஞ்சில் கற்பூர ஸ்பிரிட் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறான். குடியை விட்டு ஆறு மாதமாம்.

விருந்தாளித் தட்டு வைத்த வீட்டில் வந்தவனைத் துரத்திய ஆள் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 9, பாரதிஷ்

மழை. மடம் வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே அவர்கள் இருந்தார்கள், நான் போகவில்லை.

ஆகஸ்ட் 11, ப்ஷெத்புஷ்

மாட்டிக்கொண்டேன்.

சதுக்கத்தில் பழைய மர வீடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன், தூண் வைத்த முகப்புகள் நன்றாக இருக்கின்றன. பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்க போலீஸா?"

அந்த மைக் பெண். பெயர் டொரோட்டா, ஐம்பது வயது இருக்கும், மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது.

"நாலு ஊரா பாக்குறேன். நாங்க வந்தா பேப்பரைத் தூக்கிடறீங்க. அதுவும் ஒரே பேப்பர். அஞ்சாம் தேதி பேப்பர்."

"நான் ஊர் பார்க்க வந்தவன்."

"ஊர் பாக்கறவங்க ஊரைப் பாப்பாங்க. நீங்க ரோட்டையே பாக்குறீங்களே. நடக்க ஆசையா இருந்தா நடங்க. காலுக்கு வெட்கம் ஒண்ணும் கிடையாது." கையில் ஒரு சீட்டையும் பென்சிலையும் திணித்தாள். "எதாவது வேண்டுதல் இருந்தா எழுதிப் பெட்டியில போடுங்க. பேர் போட வேணாம். நடக்கும்போது நான் மைக்ல வாசிப்பேன், எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்."

எழுதவில்லை. ஆனால் அவர்கள் கிளம்பியபோது கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். டொரோட்டா சீட்டுகளை வாசித்தாள். மகனுக்கு வேலை. கணவனுக்கு ஆபரேஷன். பிறகு இது.

"கிறிஸ்துமஸ் சாயங்காலம் வாசல் வரைக்கும் வந்த மகனை உள்ளே விட வேண்டாம்னு சொன்ன எங்க அம்மாவுக்காக. மன்னிக்காமலே போயிட்டாங்க. அங்கேயாவது என்னை மன்னிக்கட்டும்."

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் மேல் மோதினார்.

எட்டாம் தேதி பாதிதான் எழுதினேன். மீதியை இந்த நோட்டிடம்கூட மறைத்திருக்கிறேன். கதவைச் சாத்தும் முன் அவனிடம் ஒன்று சொன்னேன். "அம்மா உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, போ." அப்படிச் சொன்னால்தான் போவான் என்று சொன்னேன். அம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அவன் வந்ததே அவளுக்குத் தெரியாது.

ஒன்பது வருஷமா அதை நம்பிக்கிட்டிருக்கான். நம்பிக்கிட்டே நடக்கிறான், ஏழு வருஷமா, இழுத்து இழுத்து. கடவுளே, நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்?

ஆகஸ்ட் 12, ஸ்வியந்தா அன்னா

கன்னியாஸ்திரீகள் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து பாடுகிறார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தேன். மூன்று தடவையும், "எனக்கும் அப்ப சரியாத் தெரியல" என்று ஒரு சமாதானம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 13, ம்ஸ்தூவ்

மடத்தைச் சுற்றிக் கோட்டைச் சுவர். கையேட்டின் கடைசி ஊர். நாளைக் காலை மேடு.

ஆகஸ்ட் 14, செஸ்தொஹோவா

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மேட்டில் பாட்டு நின்றது. தூரத்தில் கோபுரம் ஊசி முனை அளவு தெரிந்தது. பாதிரியார் இரண்டு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவர் என்னைப் பிடித்து, "மன்னிச்சிருங்க, நேத்து வரிசையில உங்களைத் தள்ளிட்டேன்" என்றார். ஒரு பெண் எதற்கென்று சொல்லாமலே அழுதாள். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன்.

ஸெனோன் என்னைப் பார்த்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை, அப்புறம் தெரிந்தது.

"லெஷெக்?"

"அண்ணா" என்றேன். அதற்குள் அவன் கட்டிக்கொண்டான். முதுகில் ஒலிபெருக்கி இருந்ததால் என் கை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தொங்கியது.

"என்னை மன்னிச்சிருடா. உன்னையும் அம்மாவையும் ரொம்பப் படுத்திட்டேன்" என்றான்.

அவன்! என்னிடம்!

"நீயும் என்னை மன்னிச்சிரு" என்றேன். டொரோட்டா கைதட்டினாள். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆள் அவனைக் கட்டிக்கொள்ள வந்துவிட்டார். முடிந்தது. அந்த மேட்டில் ஆயிரம் பேர் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிட்டேன். எதற்கு மன்னிப்பு என்று அவன் கேட்கவில்லை, அங்கே யாரும் கேட்பதில்லை. எத்தனை வசதி.

இறங்கி நடக்கும்போது அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ப்ஷெத்புஷில் வாங்கிய சீட்டு சட்டைப் பையில் கசங்கிக் கிடந்தது. நடந்துகொண்டே கையேட்டின் மேல் வைத்து எழுதினேன். பெட்டியில் போட்டேன். போட்டதும் திரும்ப எடுக்கக் கை விட்டேன், பெட்டி வைத்திருந்த பெண் முறைத்தாள்.

டொரோட்டா ஒரு சீட்டையும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. எடுப்பாள், வாசிப்பாள்.

"ஸெனோனுக்கு. அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நீ வந்தது அவங்களுக்குத் தெரியாது. யாருன்னு கேட்டாங்க, கேரல் பாட்டுக்காரங்கன்னு நான் பொய் சொன்னேன். உங்கிட்டயும் பொய்தான் சொன்னேன். அம்மா உன்னை..."

அங்கே அவள் குரல் நின்றது. பிறகு மெதுவாக முடித்தாள். "அம்மா உன்னைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. லெஷெக்."

அவ்வளவும் அவன் முதுகிலிருந்த ஒலிபெருக்கியிலிருந்துதான் வந்தது. ஊருக்கே கேட்டது. வழக்கமாக வரும் ஜெபம் வரவில்லை, தார் ரோட்டில் செருப்புச் சத்தம் மட்டும். அவன் நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. காலை இழுத்து இழுத்து அதே வேகத்தில் நடந்தான். கூட்டத்துக்கு நடுவில் நிற்கவும் முடியாது.

அடுத்த நிழலில் உட்கார விட்டார்கள். ஒலிபெருக்கியை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றான்.

"அம்மா என்ன கேட்டாங்க? அதே மாதிரி சொல்லு."

"'யாரு வந்திருக்கா?'ன்னு."

"நீ சொன்னப்புறம்?"

சீட்டில் எழுதாதது அது ஒன்றுதான். "'உள்ள கூப்பிடுடா, குளிருமே'ன்னாங்க."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். டொரோட்டா தண்ணீர் பாட்டிலோடு வந்தவள் தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஒன்பது வருஷம்டா" என்றான். பிறகு ஒலிபெருக்கியைத் தூக்கி வாரை மாட்டினான். நான் உதவப் போனேன். "தொடாதே. நீ கடைசியில வா."

கடைசியில் போனேன். கோயில் வாசலில் எல்லோரும் முகம் குப்புற விழுந்து கும்பிட்டார்கள். எழுந்தபோது அவனைக் காணவில்லை.

ஆகஸ்ட் 16, ராடோம்

"எந்த ஊர் நல்லா இருந்துச்சு லெஷெக் சார்?" என்றாள் கிரேலா அம்மாள். கையேட்டை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 3

மூன்றாவது கடிதமும் போட்டாயிற்று. பதில் இல்லை. ஏன் வரவேண்டும்? முட்டி ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று ப்ரோனியா சொன்னாள். "என்னடா எழுதின அவனுக்கு? உன் பேரைச் சொன்னாலே எழுந்து வேற ரூமுக்குப் போயிடறான்."

நவம்பர் 1

விளக்கும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு அம்மாவின் கல்லறைக்கு விடிந்ததும் போனேன். எனக்கு முன்பே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சருகெல்லாம் கூட்டிச் சுத்தம் செய்திருந்தது. ஈர மண்ணில் கைத்தடி ஊன்றிய குழிகள், வாசல் வரைக்கும். என் விளக்கைப் பக்கத்தில் வைத்தேன், ஒட்டி வைக்கவில்லை.

டிசம்பர் 24

காலையிலிருந்து பனி. பீட்ரூட் சூப் வைத்தேன், மீன் வறுத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது. எனக்கு ஒரு தட்டு, வருகிறவருக்கு ஒரு தட்டு. அம்மா துடைத்துக் கொடுத்த அதே தட்டு.

நாலரைக்கு நட்சத்திரம் வந்தது. ஐந்து ஆயிற்று. சூப் ஆறிப்போனது. கிரேலா அம்மாள் வீட்டில் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐந்தேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம்.

"யாரு?" என்றேன்.

"கேரல் பாட்டுக்காரங்க."

ஒற்றை ஆள் குரல். கொஞ்சம் கரகரப்பு. தாழ்ப்பாள் கைக்கு அகப்படாமல் இரண்டு தடவை வழுக்கியது. தொப்பியிலும் கைத்தடியிலும் பனி. சிரிக்கவில்லை அவன். என்னையும் பார்க்கவில்லை, என் தோளைத் தாண்டி அம்மாவின் அறைக் கதவைப் பார்த்தான்.

"சொல்லு" என்றான்.

புரிந்தது. உள்ளே திரும்பிச் சொன்னேன். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன். "அம்மா, ஸெனோன் வந்திருக்கான்."

ஸெனோன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். நானும் நின்றேன். பக்கத்து வீட்டுப் பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது.

பிறகு உள்ளே வந்தான். நான் சூப்பை மறுபடி சூடாக்கினேன்.