கப்டனின் தங்கச்சி சாகவில்லை

எதிர்வீட்டில் கூரை வேலை நடக்கிறது. ஓடு இறக்கிய இடத்தில் நீலத் தறப்பாள் ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வெயில் ஏற ஏற அது சூடாகி மணக்கத் தொடங்கியது. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையில் இருந்ததைச் சட்டியில் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றேன். அந்த மணத்தை உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வகுப்பறை யன்னல்களை இருட்டாக்க நாம் இரண்டு பேரும் மேசையில் ஏறி நின்று கட்டின தறப்பாள், உள்ளே ஒரு பட்டாளம் பிள்ளைகளின் வியர்வை, நடுவில் ஒரு ரீவி.

இந்தக் கடிதத்தை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் வெட்கம். ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு நீ எனக்கு ஒரு வேலை சொன்னாய். முகாமில் இருந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அந்தப் படத்தில் கப்டனின் தங்கச்சி செத்துத்தான் போனாள், நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடு என்றாய். தலையாட்டினேன். இத்தனை வருடமும் ஆட்டின தலையோடு சரி. போன மாதம் நடந்த கூத்தைச் சொன்னால்தான், இப்போது எந்த முகத்தோடு உனக்கு எழுதுகிறேன் என்பது விளங்கும்.

தன்னாமுனையில் ஒரே பஸ்ஸில் ஏறிப் புளியந்தீவுக்கு வேலைக்குப் போன காலத்தில் நம் இரண்டு பேருக்கும் பிடித்த பைத்தியம் அந்த விண்கப்பல் படங்கள். நீ சீடிக் கடையில். நான் நாலு கடை தள்ளிக் கொமினிகேசன் கடையில், ரெலிபோனையும் இரண்டு கொம்பியூட்டரைக் காவல் காத்துக்கொண்டு. மொத்தம் மூன்று படங்கள். அண்ணன் கப்டன், தங்கச்சி கப்பல் ஓட்டுகிறவள், கிரகம் கிரகமாக அவர்களைத் துரத்தும் ஒரு சக்கரவர்த்தி. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ரொக்கற் படம் என்னத்துக்கு என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

அந்தப் படங்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் நெற்றில் எழுதுவதைப் பிழையாக அடித்துக் கழித்த தாள்களின் பின்பக்கத்தில் பிரின்ற் எடுத்து வருவேன். பஸ்ஸில் அகராதியோடு வாசிப்போம். அப்போதே அங்கே ஒரே அடிபிடி. மூன்றாம் படத்தில் கப்பலின் நிறம் மாறிவிட்டது என்று, அது பரவாயில்லை என்றவனைப் பிடித்து ஒருவன் சாகச் சொல்லியிருந்தான். நீ அந்தத் தாளை என் மடியில் போட்டாய்.

"என்னகா இது? இவனுகளக் கொண்டுவந்து நம்மட செக்பொயின்ற்றில ரெண்டு மணித்தியாலம் இறக்கி விடணும். மறுகா கப்பல் என்ன நிறமெண்டு கேட்டுப் பாக்கணும்."

நம் பஸ் அப்போது செக்பொயின்ற் வரிசையில்தான் நின்றது.

சுனாமியில் கடல் ஏறி வந்தபோது நம் ஊர் வாவிப் பக்கம் என்பதால் தப்பியது. கரையோரத்தில் மிஞ்சினவர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். நாம் சமைக்கப் போனோம். மூன்றாம் நாள் சோற்றைக் குழையவிட்டதற்காக உன்னை அடுப்படியில் இருந்து கலைத்தார்கள். நீ நேரே போய்க் கடை முதலாளியின் ரீவியையும் எங்கோ ஒரு ஜெனரேற்றரையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். பிள்ளைகள் பகலெல்லாம் மரத்தடியில் பேசாமல் இருக்கிறார்கள், அதைப் பார்க்க ஏலாது என்றாய்.

படம் இங்கிலீசு. பிள்ளைகளுக்கு ஒரு சொல் விளங்காது. அதனால் நீ ரீவிக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் நீயே பேசினாய். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை. உன் கப்டன் வாவியில் வலை போடுகிறவன். "டேய் மனே, கெதியாத் தோணியத் திருப்புடா, பின்னால வாறானுகள்." உன் சக்கரவர்த்தி நிவாரணப் படிவமும் பட்டியலுமாக வருகிற அதிகாரி. "இண்டைக்குப் போம் முடிஞ்சிட்டு, நாளைக்கு வாங்க, எல்லாக் கிரகத்துக்கும் நாளைக்குத்தான்." பின்னால் நின்ற தாய்மார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் ஒருவரும் சிரித்து நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் பிள்ளைகள் இரண்டாம் படத்தைக் கேட்டார்கள். போட்டோம். நம்மைப் போல மடைச்சிகள் இந்த உலகத்தில் இருப்பார்களா சொல்லு? இரண்டாம் படம் தண்ணீர்க் கிரகம். கடைசிப் பகுதியில் கடல் மலையளவு எழும்பி வந்து தங்கச்சியைக் கொண்டுபோகும். நாம் அதை எத்தனை தரம் பார்த்திருப்போம். பார்த்துப் பார்த்து அது நமக்கு அலையாகவே தெரியாமல் போய்விட்டது. அந்த இடத்தில் வயலின் எவ்வளவு நல்லாக இருக்கிறது என்று கதைத்தவர்கள்தானே நாம். கடல் பின்வாங்குகிற காட்சி வந்தபோதுதான் நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் இரத்தமே இல்லை.

படத்தை நிறுத்தினால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். நான் சத்தத்தை அடியோடு குறைத்தேன். நீ ரீவிக்கு முன்னால் போய் நின்று சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரிக் கதை சொன்னாய். தங்கச்சி சின்னத் தோணியில் ஏறிவிட்டாள். அண்ணனுக்குத் தெரியாமல் வேறு பக்கத்தால் போகிறாள். அங்கே ஒரு கிரகம் இருக்கிறது, அங்கே நல்ல ஆட்கள். பத்து நிமிடம் மூச்சு விடாமல் சொன்னாய். உன் முதுகுக்குப் பின்னால் கடல் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. மூன்றாம் படத்தில் அவள் இல்லையே என்ன செய்வாய் என்று நான் கேட்டதற்கு, ரேடியோவில் வருகிற ஒரு பெண்குரலைத் தங்கச்சியாக்கிவிட்டாய்.

அடுத்த நாள் அந்தப் படமும் முடிந்து பிள்ளைகள் வெளியே போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். எட்டு, ஒன்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைக்கு மேலே யாரோ கொடுத்த பெரிய ஆளின் சேட்டு. "அக்கா, கடல் கொண்டுபோன தங்கச்சி வருவாவா?" என்று கேட்டாள். படத்தைக் கேட்கவில்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நீ "ஓம்" என்றாய். சொல்லும்போதே அழுதுவிட்டாய். பிறகு கிணற்றடியில் போய்க் குந்தினாய். "ஓம் எண்டுட்டன் புள்ள, ஓம் எண்டுட்டன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு சொல் உன்னை விடவேயில்லை. கடல் உன்னை விட்டது. சண்டை உன்னை விட்டது. கேவலம் ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோனதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரி வாட்டில் நீ கிடந்த கிழமைதான் சண்டை முடிந்துவிட்டது என்று ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கு நீ கட்டிலுக்குக் கீழே இறங்கப் பார்த்தாய். நான் பிடித்துப் படுக்கவைத்துச் சங்கதியைச் சொன்னேன். நீ என்னைப் பக்கத்தில் இழுத்தாய்.

"சண்டை முடிஞ்சா இனி எல்லாரும் காணாமப் போனாக்களத் தேடுவாங்க. அந்தப் புள்ளையும் தேடும். நான் சொன்ன பொய்ய நம்பிக்கிட்டுக் கடக்கரையில போய் நிக்கும். நீ போய்ச் சொல்லிரு புள்ள. அந்த அக்கா பொய் சொன்னவ எண்டு சொல்லிரு."

நான் யாரிடம் போய்ச் சொல்வது? முகாம் கலைந்து ஆட்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள். தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். தேட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக முகநூலில் அந்தப் படங்களுக்கு ஒரு தமிழ்க் குழு தொடங்கினேன். கொழும்பு, சென்னை, கனடா என்று ஆட்கள் சேர்ந்தார்கள். என்னோடு இரண்டு அட்மின்கள். உன்னைப் பற்றி அதில் நான் ஒரு வரி எழுதியதில்லை.

இந்த வருடம் நாலாம் படம் வந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு. கொழும்புக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கேள், அதில் தங்கச்சி திரும்பி வருகிறாள். தண்ணீருக்கு அடியில் ஏதோ ஒரு பெட்டிக்குள் நித்திரையாக இருந்தாளாம். அண்ணன் கிழவனாகிவிட்டான், அவள் அப்படியே இருக்கிறாள். எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் இருந்தே குழுவில் எழுதினேன்: "செத்தவளைக் கிளப்பிக்கொண்டு வந்து நம் சின்ன வயதின் மேல் துப்பிவிட்டார்கள். இதை ரசிக்கிறவன் ரசிகனே இல்லை." உண்மையைச் சொல்கிறேன், படம் அவ்வளவு மோசமில்லை. அவள் வந்துவிட்டாள், நீ வரவில்லை. அந்த ஆத்திரத்தை நான் படத்தின் மேல் கொட்டினேன்.

வீடு வந்து சேர்வதற்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. ஏமாந்தவர்கள் எல்லாரும் வந்து குவிந்தார்கள். இயக்குநரைத் திட்டினார்கள், நடிகையின் மூக்கைத் திட்டினார்கள். பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அது படத்தோடு நிற்கவில்லை. ஒரு பெண் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "எங்களுக்கு இது புதுசில்லை. தங்கச்சி உயிரோடதான் இருக்கிறா என்று சுனாமி முகாமிலயே ஒரு அக்கா சொன்னவ."

அந்த அக்கா நீதான். நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் மேல் பாய்ந்துவிட்டார்கள். முகாமில் ஓசிப் படம் பார்த்ததெல்லாம் ரசிகையாம் என்றான் ஒருவன். கடல் உன்னை ஏன் விட்டுவைத்தது என்று கேட்டான் இன்னொருவன். அந்த அக்கா யார், எந்த லூசு என்று ஒருவன். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் பல வருடமாக என்னோடு பண்பாகப் பேசுகிறவர்களும் இருந்தார்கள். கனடாவில் இருக்கும் அட்மின் எனக்குத் தனியாக எழுதினான். "அக்கா, பிரச்சினை வேண்டாம், அவவைக் குழுவால எடுத்துவிடுவம்." கதவைத் திறந்துவிட்டவள் நான். எடுக்க வேண்டியது அவளையாம்.

விடுவேனா? முகாம், ரீவி, உன் சால்வை, நான் சத்தத்தைக் குறைத்தது, எல்லாவற்றையும் எழுதினேன். முதலில் துப்பியது நான்தான், அதற்கு வெட்கப்படுகிறேன் என்றும் எழுதினேன். "நீங்கள் லூசு என்று சொன்ன ஆள் என் சினேகிதி. படம் எடுத்தவர்கள் இத்தனை வருடம் யோசித்துச் செய்ததை அவள் ஒரு நொடியில் செய்தாள், அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ரசிகர் என்றால் அவள்தான் ரசிகர். இதில் யாருக்காவது குறை இருந்தால் மட்டக்களப்புக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்." அதற்குப் பிறகு எனக்கும் கிடைத்தது. என் வயதை, என் முகத்தை, என் சாதியைக்கூட விடவில்லை. இரண்டு நாளில் நான் தொடங்கிய குழுவில் இருந்து என்னையே எடுத்துவிட்டார்கள். போகட்டும். ஒரு எழுத்தைக்கூட நான் அழிக்கவில்லை.

முகாமைப் பற்றி எழுதியவள் என்னைத் தேடி வந்தாள். அன்றைக்குப் பெரிய சேட்டோடு நின்ற அதே பிள்ளைதான். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் ஒரு தாதி. வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு வந்தாள், வாவிக்கரையில் உட்கார்ந்தோம். கடைசியில் உன் வேலையைச் செய்துவிடுவோம் என்று நான் தொடங்கினேன். பாதியில் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, நான் ஓரத்தில இருந்தனான். சால்வைக்குப் பக்கத்தால அலை தெரிஞ்சது. எல்லாருக்கும் தெரியும். வெளியில போய் மரத்தடியில கூடிக் கதைச்ச நாங்க. அந்த அக்காட்டச் சொல்லாதீங்க, அவ பாவம், கை நடுங்குது எண்டு முடிவெடுத்த நாங்க."

 அப்படியென்றால் ஏன் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாய் என்றேன்.

"என்ட தங்கச்சிய அதுக்கு நாலு நாளைக்கு முன்ன அடக்கிட்டாங்க. நான் பாத்தனான். எங்கட ஆக்கள் ஒருத்தரும் அவட பேரையே எடுக்கயில்ல. யாராவது அவவப் பத்தி ஒரு சொல் சொல்லமாட்டாங்களா எண்டிருந்தன். அதான் கேட்டன். ஓம் எண்டு சொல்லிட்டு அந்த அக்கா அழுதா. எனக்காகப் பொய் சொல்லி அழுத ஆள் அவ மட்டுந்தான்."

கேட்டாயா? அவள் ஒரு நாளும் கடற்கரையில் போய்க் காத்து நிற்கவில்லை. நீதான் சாகும் வரைக்கும் அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தாய். இதை அந்த வாட்டில் உனக்குச் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாய், அந்த நினைப்பு என்னைக் கொல்கிறது. தேடாமல் விட்ட குற்றம் என்னுடையது, அதை நான்தான் சுமக்க வேண்டும், சுமக்கிறேன்.

ஆனால் நீ சொன்ன வேலையை நான் செய்யப்போவதில்லை. மற்றப் பிள்ளைகளையும் அவள் மூலம் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன், பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். ஒருவரிடமும் நீ பொய் சொன்னதாகச் சொல்லமாட்டேன். கப்டனின் தங்கச்சி எங்கே என்று யார் கேட்டாலும் சின்னத் தோணியில் ஏறிப் போய்விட்டாள் என்றுதான் சொல்வேன், நெற்றிலும் சொல்வேன், நேரிலும் சொல்வேன். ஏசுவதென்றால் ஏசு, புள்ள. கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.