கம்பில் ஏறாத கோழிகள்

ஐப்பசி 9, வியாழன்

காலையில் தூறல். மதியத்துக்கு மேல் வெறித்தது. கோழிக் கூண்டுக்குள் குறுக்காக ஒரு வேப்பங்கம்பு கட்டினேன், முழங்கால் உயரம். கால் வழுக்காமல் இருக்கப் பட்டையை உரிக்கவில்லை. சரசுவுக்குத் திருப்தி இல்லை. "இன்னுங் கொஞ்சந் தாழக் கட்டுங்க. எல்லாஞ் சின்னஞ்சிறுசுக."

ஆறு பெட்டைகள். மூன்று மாதம். இன்குபேட்டரில் பொரித்தவை, தாய்க்கோழி முகமே பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தால் மேலே ஏறி அடையவேண்டும் என்று இவற்றுக்கு யார் சொல்லித் தருவது? தரையிலேயே ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஈரம் வேறு.

அந்தியில் நானே பிடித்து ஏற்றப் போனேன். சரசு பின்னாலேயே வந்தாள். "ஏனுங்க, இதென்ன, காலப் புடிச்சுத் தலகீழாத் தூக்கறீங்க?"

அப்புறம்தான் கவனித்தேன். கைக்கு மூன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பண்ணையில் இருபத்திரண்டு வருடம் கோழி பிடித்த கை. லாரியில் ஏற்றும்போது கைக்கு நாலு. இப்போதும் என்னைக் கேட்காமல் அதுவாகப் போய்ப் பிடிக்கிறது, சனியன்.

கம்பில் வைத்தேன். ஆறும் குதித்து மூலைக்கே ஓடிவிட்டன.

ஐப்பசி 10, வெள்ளி

வாங்க வேண்டியது: தவிடு, சுகர் மாத்திரை, கட்டுக்கம்பி, தேங்காய் 2.

ராசிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தேன். முழங்கால் வலி.

கம்பைத் தாழ்த்திக் கட்டினேன். என்னைக் கண்டாலே கோழிகள் சிதறுகின்றன. சரசு கையில் மட்டும் தின்கின்றன. அவள் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குகிறாள். அவை கத்துகின்றன, உதறுகின்றன, அவள் திட்டிக்கொண்டே வைக்கிறாள். இரண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தன.

தலைகீழாகப் பிடித்தால் கோழி கத்தாது. கொஞ்சம் அடித்துக்கொள்ளும், பிறகு அப்படியே அடங்கிவிடும். பண்ணையில் அது வசதி. நேற்று ஆறும் என் கையில் அப்படி அடங்கியதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி 11, சனி

ஒன்று போய்விட்டது. பெருச்சாளி. கூண்டின் மூலையில் மண்ணைப் பறித்துக்கொண்டு வந்து, தரையில் கிடந்ததைக் கடித்திருக்கிறது. சரசு அழுதாள். "மேல ஏறியிருந்தாப் பொழச்சிருக்குமுங்க. நீங்க பயமுறுத்தி வெச்சதுதான்."

சரியாகத்தான் சொன்னாள்.

பொந்தைக் கல்லும் சிமெண்டும் போட்டு அடைத்தேன். முருங்கை மரத்தடியில் குழி. கோழியை உள்ளே வைத்தேன். மண் போடக் கை வரவில்லை. கழுத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. மறுபடியும் தொட்டேன். மறுபடியும்.

சரசு வந்து நின்றாள். "என்னாச்சுங்க உங்களுக்கு? செத்த கோழிய எத்தன தடவ தொட்டுப் பாப்பீங்க?"

மண்வெட்டியை வாங்கி அவளே மூடினாள்.

ஐப்பசி 13, திங்கள்

சரசுவிடம் சொல்லிவிட்டேன். பதினோரு வருடமாகச் சொல்லாதது.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஷெட்டு முழுக்கச் சீக்கு வந்தது, அத்தனையும் புதைக்க வேண்டியிருந்தது என்பது வரை அவளுக்குத் தெரியும். மிச்சத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகித்தான் குழியில் போடவேண்டும். ஆள் பத்தவில்லை. பொழுதும் இறங்கிவிட்டது. பாதிக்கு மேல் அப்படியே போட்டோம். யாரும் என்னை அப்படிப் போடச் சொல்லவில்லை. கை வலித்தது, போட்டேன். ஜேசிபி மண்ணைத் தள்ளியது. தள்ளின பிறகும் மேல்மண் அசைந்துகொண்டே இருந்தது. வண்டி ஓட்டினவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். டீ குடிக்கப் போனோம்.

"உசுரோடயா?" என்றாள்.

"ஆமா."

"எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"நீ எங்கையால ஒண்ணும் வாங்கமாட்டீன்னு பயம்."

முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். ராத்திரிக்குத் தட்டில் சோறு இருந்தது. பேச்சு இல்லை.

ஐப்பசி 14, செவ்வாய்

நல்ல மழை. வீடு ஒழுகுகிறது என்று வாளி வைத்தேன். அந்தியில் கூண்டுப் பக்கம் போனால், "நீங்க வர வேண்டா. நானே பாத்துக்கறேன்."

முன்ரூமில் உட்கார்ந்திருந்தேன். கோழிச் சத்தம், அவள் அதட்டுகிற சத்தம். பிறகு சேலத்தில் இருக்கும் மகளோடு போன். "ரெண்டு தானாவே ஏறிருச்சு சாமி... அப்பாவா? இருக்கறாங்க. எப்பவும் போலத்தான்." மகளிடம் சரசு அதைச் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. எனக்காகவா, அவளுக்காகவா?

போர்வை போர்த்திப் படுக்க முடியவில்லை. மேலே விழுந்தால் மண் மாதிரி இருக்கிறது. துண்டு போதும்.

ஐப்பசி 16, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. மாத்திரை தீரப் போகிறது.

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. சரசு மூன்று வார்த்தை பேசினாள்: குளிங்க, சாப்புடுங்க, சோப்பு.

இன்று பொழுது சாயும்போது கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "இங்க வாங்க."

போனேன். நாலு பெட்டைகள் வரிசையாகக் கம்பில். தானாகவே ஏறியிருக்கின்றன. கால் மடக்கி உட்கார்ந்துவிட்டன. சின்னது மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"அத எடுத்து மேல வைங்க."

"நானா?"

"பின்ன யாரு, நீங்கதான்."

குனிந்தேன். வலது கை நேராகக் காலுக்குத்தான் போனது. இழுத்துக்கொண்டேன். இரண்டு கையையும் சேர்த்து வயிற்றுக்கு அடியில் கொடுத்தேன். என்ன சூடு! உள்ளே படபடவென்று அடிக்கிறது. கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். அது திரும்பி மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது, தோல் கிழிந்தது.

சரசு என் பக்கம் திரும்பவில்லை. "கொத்துனாக் கொத்தட்டும்," என்றாள். "உட்றாதீங்க."

விடவில்லை.