கேட்டுக்கொண்டிருந்தவரைத் திரும்ப அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
மாவு மில் நடத்துபவர்,
மூன்றாம் குறுக்குத் தெரு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தேர்தல் தோல்வி ஆய்வுக் குழு,
கட்சித் தலைமை அலுவலகம்.

பொருள்: “உங்கள் குரலைக் கேட்கிறோம்” என்று எங்கள் தெருவில் அலறும் ஒலிபெருக்கி வண்டியை நீக்கவும், உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்த தோற்ற வேட்பாளரை என் மில்லுக்குத் திரும்ப அனுப்பவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற தேர்தலில் தங்கள் கட்சி மண்ணைக் கவ்வியது தாங்கள் அறிந்ததே. போன வாக்குகளை மீட்க, தோற்ற வேட்பாளர்கள் மக்கள் கூடும் இடத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் குறை கேட்க வேண்டும் என்று தங்கள் குழு உத்தரவிட்டதாக அறிகிறேன். அருமையான யோசனை. எங்கள் வேட்பாளர் அதற்கு என் மாவு மில்லைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத இடம் அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

2. வெள்ளைச் சட்டையோடு வந்து கோதுமை மூட்டைமேல் அமர்ந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டின்னும் கையுமாக வரிசையில் நின்ற பெண்கள் குறைகளைக் கத்தினார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுப்படியில் தன் பேச்சுதான் செல்ல வேண்டும் என்றார் ஒரு மாமியார். ஆட்டினார். தன் பேச்சுதான் செல்ல வேண்டும் என்றாள் அவருடைய மருமகள். அதற்கும் ஆட்டினார். இருவரும் ஜெயித்த களிப்போடு ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே உருண்ட பாத்திரங்களுக்கு மில் பொறுப்பேற்காது.

3. மிளகாய் அரைக்கும் நாளில் அவர் கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாகக் கொட்டியது. “நம்ம கஷ்டத்தைக் கேட்டு மனுஷன் எப்படி அழுறார் பாருங்க!” என்று வரிசையே உருகிப்போனது. மேடை போட்டு முழங்கியும் கிடைக்காத ஆதரவு, என் மிளகாய்த் தூளால் கிடைத்தது. இதைத் தங்கள் குழு குறித்துக்கொள்ளலாம்.

4. எனக்கு மட்டும் சந்தேகம். டீயில் ஒரு கரண்டி மிளகாய்த் தூள் போடட்டுமா என்று கேட்டேன். பணிவோடு தலையாட்டினார். போட்டே கொடுத்துவிட்டேன். ஒரு வாய் குடித்ததும், மாவு படிந்த மேசையில் விரலால் எழுதினார்: “இதுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ‘என்ன?’ என்று கேட்கவும் எனக்கு அனுமதி இல்லை.” சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோவெடுத்தது.

5. பிறகு பாவமாகிவிட்டது. மறுநாளிலிருந்து தினமும் மதியத்தில் மோட்டாரை நிறுத்தி வைத்தேன். அடடா, என்ன கூட்டம்! நாலு பிடி அரிசியைக் கொண்டுவந்து பொழுது சாயும்வரை பேசினார்கள். மாமியாரும் மருமகளும் அவர் முன்னால் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் முழுதாகக் கேட்டார்கள். போகும்போது சேர்ந்தே போனார்கள். என் வியாபாரம் படுத்தது. இருந்தும் தினமும் மதியம் எப்போது வரும் என்று இருந்தது.

6. இனி என் குறை. மில்லில் பாதி என் நாத்தனாருடையது. மேலே நின்று அவள் தானியம் கொட்டுவாள், கீழே நான் மாவு பிடிப்பேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது, கூடப் பிறந்தவள் எட்டிப் பார்க்கவில்லை. அன்று அறுந்தது எங்கள் பேச்சு. மோட்டார் சத்தம் இருவருக்கும் வசதியாக இருந்தது. சென்ற வாரம் கூட்டம் கலைந்ததும், அவள் இறங்கி வந்து வேட்பாளர் எதிரில் உட்கார்ந்தாள். முகம் அவர் பக்கம், சொன்னது எனக்கு. “நான் வரலைன்னு அண்ணி நினைக்கிறாங்க. நான் வந்தேங்க. வாசல் வரைக்கும் வந்துட்டேன். அண்ணன்தான் என்கிட்ட...”

7. அந்த நொடியில் தங்கள் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்கள் குரலைக் கேட்கிறோம்!” நாலு சுற்று சுற்றியது. அவள் எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டாள். அடுத்த நாளே வேட்பாளரையும் அழைத்துக்கொண்டீர்கள். இப்போது அந்த வண்டியில் மைக் பிடித்து அலறுபவர் அவரேதான்.

8. அதன் பிறகு நானும் மோட்டாரை நிறுத்திப் பார்க்கிறேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். “அண்ணன் என்ன சொன்னார்?” என்று கேட்க எனக்கும் நாக்கு எழவில்லை. இடையில் உட்கார்ந்து தலையாட்ட ஒரு ஆள் தேவை. ஒரே ஒரு மதியம் போதும், ஐயா.

9. இதனால் கட்சிக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நான் என்றும் தங்கள் கட்சிக்கே வாக்களிப்பவள். அது தெரிந்தே அவள் ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சிக்குப் போடுகிறாள். ஆக, எங்கள் வீட்டில் தங்களுக்கு இதுவரை தேறியது ஒன்றுமில்லை. அவள் அந்தப் பேச்சை முடித்துவிட்டால் இரண்டு ஓட்டும் ஒரே பக்கம் விழும். அது எதிர்க்கட்சிப் பக்கமாகவே இருந்தாலும் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவன செய்யுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்ளும்,

மாவு மில்காரம்மா

இடம்: மில் வாசல்
நாள்: திங்கட்கிழமை